ஓவியத்தைப் பெரிதாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கலைப் பக்கத்தில் நைஜீரிய ஓவியர் நிஜிடேக்கா அகுன்யிலி கிராஸ்பி பற்றிய குறிப்பைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி யாரும் எழுதுவதே அரிது, நன்றி. ஆனால் இரு பண்பாடுகளுக்கு நடுவே அல்லாடுபவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தது, 1999இல் அமெரிக்கா போனது, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது எல்லாம் குறிப்பில் இருந்தன. அவருடைய கைவேலைதான் இல்லை. நைஜீரியப் பத்திரிகைகளிலும் குடும்ப ஆல்பங்களிலும் பொறுக்கிய படங்களை அச்செடுத்து, தாளின்மேல் கவிழ்த்து, முதுகுப்புறம் கரைப்பான் தடவித் தேய்க்கிறார். மை கீழே இறங்கி, இடம் வலம் மாறி, பாதி அழிந்ததுபோலப் படம் பதிகிறது. அதோடு அக்ரிலிக், கரி, கலர் பென்சில். சில இடங்களில் துணியையே ஒட்டிவிடுகிறார். தள்ளி நின்றால் பூப்போட்ட சுவராகத் தெரிவதெல்லாம் கிட்டே போனால் முகங்கள்: பாடகர்கள், ராணுவ ஆட்சியாளர்கள், வெள்ளை விக் வைத்த நைஜீரிய வழக்கறிஞர்கள்.

அந்த விக் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போனது. அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே பிறந்த மண்ணில் எல்லாம் கலந்துதான் கிடந்தன. நைஜீரியாவின் இக்போ இனப் பெண்கள் விசேஷங்களுக்கு உடுத்தும் 'ஜார்ஜ்' துணியே ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலேறியதுதானே! 2013இல் அவர் வரைந்த 'எனுகு நியூ ஹேவனில் தேநீர் வேளை' ஓவியத்தைப் பாருங்கள். யேல் இருக்கும் ஊரும் நியூ ஹேவன். எனுகுவிலும் அதே பெயரில் ஒரு பகுதி உண்டு. தேநீர்ச் சாமான்கள் பரப்பிய மேசையை அவர் ஆற அமர, ஆசையோடு வரைந்திருக்கிறார். அதில் நான் எந்த அல்லாட்டத்தையும் காணவில்லை. தாய் டோரா அகுன்யிலி போலி மருந்து வியாபாரிகளை எதிர்த்து நின்ற அரசு அதிகாரி. அவர் முகம் அச்சிட்ட துணியை மகள் தன் படங்களில் சேர்த்திருப்பதும் அதே உரிமையோடுதான்.

ஏழடி உயரமும் ஒன்பதடிக்கு மேல் அகலமும் உள்ள இப்படிப்பட்ட ஓவியங்களைத் தபால்தலை அளவில் போட்டால் வாசகருக்கு என்ன தெரியும்? என் மாணவிகள் அந்தப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல முகம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். அடுத்த முறை நடுப்பக்கம் முழுவதையும் ஒரே ஓவியத்துக்குக் கொடுங்கள். பக்கத்திலேயே அதன் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள். மை பதிந்த விதத்தை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை,
சின்னாளபட்டி.