சாவியில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதக் கடைசியில் எங்கள் ஊர் ரவுண்டானா பக்கம் என் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். புளியமரத்து மறைவிலிருந்து ஒரு காவலர் குறுக்கே வந்து, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே சாவியைத் திருகி உருவிவிட்டார். பின்னால் அம்மா, மடியில் காய்கறிப் பை. நான் காலை ஊன்றித் தாங்கியதால் தப்பித்தோம், தக்காளி மட்டும் ரோட்டில் உருண்டது. அவர் கையில் ஏற்கெனவே ஏழெட்டுச் சாவிகள். ஒன்றில் பிள்ளையார், இன்னொன்றில் கைக்குழந்தையின் குட்டி ஷூ தொங்கியது.

தப்பே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம், ஆனால் இன்சூரன்ஸ் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. சட்டப்படி 2,000 ரூபாய். சரி, போடுங்கள் என்றேன். ரசீது போடும் மிஷினை அவர் எடுக்கவே இல்லை. "கேஸ் போட்டா 2,000 ஆகும், அம்மா வேற வெயில்ல நிக்குது, 500 குடுத்துட்டுக் கிளம்பு" என்றார். எனக்கு வயது 52, அவருக்கு என் மகன் வயதிருக்கும். கொடுத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவர் கையில் சாவி இருக்கும்வரை எனக்குச் சட்டம் பேச வாய் வரவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவில் ஆவணங்களைக் கேட்கலாம், 207-வது பிரிவில் வண்டியையே பிடித்து வைக்கலாம், ஆனால் ஓடுகிற வண்டியில் கை விட்டுச் சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அமல்படுத்துகிறவர்களே விதியை மீறினால் இரண்டு மடங்கு அபராதம் என்று 2019 திருத்தத்தில் 210பி என ஒரு பிரிவு சேர்த்தார்கள். வெறுந்தலையோடு புல்லட்டில் போகிற காவலரைப் பார்க்காதவர் யார்? அவர்களில் யாருக்காவது அந்த இரண்டு மடங்கு ரசீது கிழித்திருப்பார்களா?

2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100-லிருந்து 1,000 ஆனது. உயிர் காக்கத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரசீதில் ஏறாத தொகையும் கூடவே ஏறிவிட்டதே, முன்பு ஐம்பதில் முடிந்த பேரம் இப்போது ஐந்நூறில் வந்து நிற்கிறது.

2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் வண்டியை எட்டி உதைத்தார் என்று புகார் எழுந்தது. விழுந்த பெண் இறந்துபோனார், இன்ஸ்பெக்டர் கைதானார், ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அம்மா பின்னால் தடுமாறிய அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நிற்கும் நல்ல காவலர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரும்தான் இதில் கெடுகிறது. சாவியில் கை வைக்கக் கூடாது, சட்டையில் மாட்டிய கேமரா ஓடாமல் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது என்று மேலதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். ஒரு தாள் போதும்.

இன்சூரன்ஸை நான் அன்று சாயங்காலமே கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
டூவீலரில் போய்வரும் ஒரு வாசகர்