கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பட்டன்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. கை வலி குறைந்து மறுபடியும் இரவில் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள். அதனால் எனக்கு வாசிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பக்கம் திருப்பப் பட்டன் வைத்த உன் பழைய கிண்டில் மின்னூல் கருவியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. ஒன்று, உன்னுடையதைப் போலவே 2011-இல் வந்த, தொடுதிரை இல்லாத கிண்டில். இன்னொன்று தொடுதிரை உள்ள புதிய கிண்டில் பேப்பர்வொயிட். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திரை என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை, புதியதுதான். பழையதில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள், இப்போது 300. பழையதில் தமிழ் நூல்களை ஆறு அங்குலப் பிடிஎஃப்பாக ஏற்றித்தான் படிப்பேன். எழுத்து கொஞ்சம் சிறிதானாலும் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதியதில் ஒவ்வொரு சுழியும் தனியாகத் தெரிகிறது. பேப்பர்வொயிட்டில் 2012-லேயே வந்துவிட்ட முன்விளக்கும் பழையதில் கிடையாது. படுக்கையில் தனி விளக்கு வேண்டும்.

ஆனால் கையில் பிடித்தால் கதை வேறு. உன்னுடையதன் இரண்டு ஓரங்களையும் தடவிப் பார். மேலே இருக்கும் குட்டைப் பட்டன் முந்தைய பக்கத்துக்கு, கீழே இருக்கும் நீளமானது அடுத்த பக்கத்துக்கு. கட்டைவிரல் அந்த நீளப் பட்டன்மேல் கிடக்கும், பக்கம் முடிந்ததும் லேசாக அழுத்தினால் போதும். எந்தக் கையில் பிடித்தாலும் இதேதான். தொடுதிரையில் விரலை ஓய்வாக வைக்கவே முடியாது, பட்டால் பக்கம் ஓடிவிடும். அதனால் விரலைச் சட்டத்தில் ஒதுக்கி வைத்திருந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் திரைக்குக் கொண்டுபோய்த் தட்டி, மறுபடி ஒதுக்க வேண்டும். ஒரு நாவலுக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. தட்டும் அந்த நொடியில் கருவியைத் தாங்க மீதி விரல்கள் மட்டும்தான். கட்டைவிரல் மூட்டில் வலி இருக்கிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

திரையில் ஒட்டிய தூசியைத் துடைத்தாலும் பக்கம் புரண்டுவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சில நேரம் விரல் பட்டதாகவே எடுத்துக்கொள்ளும். இந்தக் கருவிகளில் இருக்கும் மின்மைத் (இ-இங்க்) திரையின் அழகே, பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் எடுத்துக்கொண்டு மற்ற நேரமெல்லாம் அசையாமல் நிற்பதுதான். அப்படி நிற்கிற பக்கத்தை நாம் கேட்காமலே நகர்த்திவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

தொடுதிரைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பொருள் தெரியாத சொல்லின்மேல் விரலை வைத்தால் அகராதி வந்து நிற்கிறது. பழையதில் நடுவிலுள்ள சதுரப் பட்டனை அமுக்கி அமுக்கி, வரி வரியாக இறங்கி அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் படித்த வாக்கியமே மறந்துபோகும். அடிக்கோடு போடுவதும் அப்படித்தான். நீ குறிப்பு எடுத்துப் படிக்கிறவள், இதை யோசித்துக்கொள்.

இரண்டும் சேர்ந்தே இருந்தால் என்ன என்று கேட்பாய். இருந்தது. 2014-இல் வந்த கிண்டில் வாயேஜில் ஓரத்தை அழுத்தினால் பக்கம் மாறும். 2016-இல் கிண்டில் ஓயாசிஸ் நிஜப் பட்டன்களோடு வந்தது. 2024-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் வந்த புதிய கிண்டில்கள் எதிலும் பக்கம் திருப்பும் பட்டன் இல்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். மின்னூல் கருவி செய்யும் இன்னொரு நிறுவனமான கோபோ, தன் லிப்ரா வரிசையில் பட்டனை விடாமல் வைத்திருக்கிறது. கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் பக்கமும் கூடவே திரும்பிக்கொள்ளும், அதனால் இடது கைக்கும் வலது கைக்கும் சரி. 2024-இல் வந்த லிப்ரா கலரில் கறுப்பு வெள்ளை எழுத்து 300 புள்ளிதான், வண்ணம் 150. வண்ணத்துக்காகத் திரையில் ஒரு வடிகட்டி இருப்பதால் பின்னணி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். நாவல் மட்டுமே படிக்கிற நமக்கு வண்ணம் அவசியமில்லை. பழைய லிப்ரா 2 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும்.

உன் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. கருவியிலிருந்தே புத்தகம் வாங்கும் வசதி அந்த மாடலுக்கு 2022-இல் நின்றது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வழியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் உன்னிடம் இருக்கும் கோப்புகளைக் கேபிளில் போட்டுப் படிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. சார்ஜ் நிற்கவில்லை என்கிறாய், பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். எடை 170 கிராம்தான், புதிய பேப்பர்வொயிட் 211. இரவில் ஒரு கையில் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும்.

அதனால் முதலில் பேட்டரியை மாற்று. அப்புறமும் புதியது வேண்டும் என்று தோன்றினால் லிப்ராவைக் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய். கிண்டில்தான் வேண்டும் என்றால் திரையின் ஓரத்தில் மாட்டிப் பக்கம் திருப்புகிற கிளிப் ரிமோட் ஒன்றும் சேர்த்து வாங்கு, விரலுக்கு வேலை குறையும். என்ன முடிவு எடுத்தாய் என்று எழுது, இப்போது என்ன படிக்கிறாய் என்றும் எழுது.

அன்புடன்,
வசந்தா