ஓரத்தைத் தொட்ட செல்கள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய 12 மைக்ராஸ்கோப் படங்களையும் பிரிண்ட் போட்டு, பென்சிலால் செல்லுக்கு ஒரு புள்ளியாக வைத்து எண்ணி முடித்துவிட்டேன். இரண்டு ராத்திரி ஆனது. செல்களை எண்ண நீ எழுதிய புரோகிராம் சொன்ன கணக்கைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுத்தான் எண்ணினேன். அதை முதலில் பார்த்துவிட்டால் கண் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

எங்கள் லேபில், ரத்த அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடான நியூபார் சேம்பரில் நாலு மூலைக் கட்டங்களை எண்ணி, 20-க்கு 1 கலந்த ரத்தமென்றால் மொத்தத்தை 50-ஆல் பெருக்குவோம். வெள்ளணுக் கணக்கு வந்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் அக்கா ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்: மேல் கோட்டையும் இடது கோட்டையும் தொட்ட செல்லை எண்ணு, கீழ்க்கோட்டையும் வலது கோட்டையும் தொட்டதை விட்டுவிடு. ஓரம் தொட்டதை விலக்க, படத்தை அளக்கும் மென்பொருளான இமேஜ்-ஜேயில் ஒரு டிக் இருக்கிறது என்றாயே, அது நாலு ஓரத்திலும் விலக்கிவிடும். செல்லின் பரப்பளவு பார்க்க அது சரி, வெட்டுப்பட்ட செல்லை அளந்து பயனில்லை. ஆனால் எண்ணிக்கை குறையும். பெரிய செல்தான் ஓரத்தில் அதிகம் இடிபடும் என்பதால் பெரியவையே அதிகம் விடுபடும். உன் புரோகிராமில் எண்ணுவதற்கு ஒரு வழி, அளப்பதற்கு ஒரு வழி என்று தனித்தனியாக வை, கண்ணு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, காய்ச்சலோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 18,000-தான் என்றது மெஷின், ரொம்பக் குறைவு. பிளேட்லெட் ஏற்ற ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு குறைந்தால் தோலில் ரத்தம் கசிந்து புள்ளி தெரியலாம், ஆனால் பிள்ளை உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் ஸ்மியராக இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால், வால் பக்கத்தில் பிளேட்லெட் எல்லாம் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடி டியூபில் இருக்கும் இடிடிஏ மருந்து சிலர் ரத்தத்தை அப்படிச் செய்துவிடும். கொத்தாகப் போனதை மெஷின் பிளேட்லெட் என்று எண்ணாது. நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணி, அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் 1.1-ஆல் பெருக்கினோம். இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது.

அந்த ரிப்போர்ட்டில் 18,000 என்ற எண் மட்டும்தான் இருந்தது. எதை எண்ணியது, எதைத் தள்ளியது என்று ஒரு வரி இல்லை. உன் புரோகிராமிலிருந்து எண் தனியாக வெளியே போகக் கூடாது. எண்ணிய ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோடு போட்ட படம் கூடவே போகட்டும். சந்தேகமானதை வேறு நிறத்தில் காட்டு.

வெய்ன் ராஸ்பேண்ட் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்சில் 1987-இல் மேகின்டாஷுக்கு ஒரு மென்பொருள் எழுதி, பிறகு 1997-இல் ஜாவாவில் இமேஜ்-ஜேயாக எழுதினார் என்று நீதான் சொன்னாய். இலவசம், அதன் புரோகிராம் வரிகளும் யாரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது, செய்த ஒவ்வொரு படியையும் எழுதிவைக்கும் ரெக்கார்டர். எந்த அளவில் வெட்டினோம், எதைச் சல்லடையில் தள்ளினோம் என்று அடுத்தவர் அப்படியே செய்து பார்க்கலாம். எங்கள் லேப் நோட்டும் அப்படித்தான்.

ஒட்டிய செல்களைப் பிரிக்கும் வாட்டர்ஷெட்டும் புரிந்தது. இரண்டு பள்ளத்தில் தண்ணீர் ஏறி, சேரப்போகும் இடத்தில் வரப்பு கட்டுவது. வட்டமான செல்லுக்கு அருமையாக வருகிறது. நடுவில் இடுங்கிய செல்லென்றால், ஒன்றுக்குள்ளேயே வரப்பு கட்டிவிடுகிறது.

எண்ணி முடித்த பிறகுதான் உன் கணக்கைப் பிரித்தேன். 9 படத்தில் ஒன்றிரண்டு வித்தியாசம்தான். 3-ஆம் படத்தில் உனக்கு 61, எனக்கு 54. நடு இடுங்கிய செல்களைச் சிவப்பில் சுழித்திருக்கிறேன். 8, 11 இரண்டிலும் வலது ஓரத்தைப் பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

அம்மா