ஆட்டம் தோற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் யு.எஸ்.எஃப்.எல். லீக் தரமில்லாததால் மூடப்பட்டது என்று பலரும் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1985-ல் நடந்த அதன் மூன்றாவது, கடைசி சீசனைப் பாருங்கள். நியூஜெர்சி ஜெனரல்ஸ் அணியின் ஹெர்ஷல் வாக்கர் பந்தோடு ஓடியே 2,411 கெஜம் கடந்தார். ஹூஸ்டனின் ஜிம் கெல்லி ஒரே ஆட்டத்தில் 574 கெஜத்துக்குப் பந்து எறிந்தார். இதுவா தரமில்லாத ஆட்டம்?

ஸ்டார்ஸ் அணியை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. பெயரில் பால்டிமோர், பயிற்சி பிலடெல்பியாவில், சொந்த மைதானம் என்று ஆடியதோ மேரிலாந்தின் காலேஜ் பார்க் என்ற ஊரில். அப்படி அலைந்தும் ஜூலை 14 இறுதிப் போட்டியில் ஓக்லண்டை 28-24 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

வசந்த காலத்தில் ஓடிக்கொண்டிருந்த லீக்கை, 1986 முதல் நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லோடு நேருக்கு நேர் மோதும்படி இலையுதிர் காலத்துக்கு மாற்ற உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். அதுதான் அதைச் சாய்த்தது. அப்புறம் என்.எஃப்.எல். மீது போட்ட ஏகபோக வழக்கிலும் ஜெயித்தார்கள், சரி. ஆனால் ஜூரி கொடுத்த இழப்பீடு 1 டாலர். சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர். அந்த இலையுதிர் சீசன் நடக்கவே இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்