பெக்கமின் கடைசி மூன்று நத்தார்கள்

லூயிஷம், லண்டன்
தை 4

அன்புள்ள சிவா,

உன் கடிதம் நத்தாருக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்திலும் பேனாவால் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்புகிற ஆள் நீ ஒருத்தன்தான். உறையில் எழுத்தைக் கண்டதுமே மாலா, "ரொறொன்ரோவில இருந்து உங்கட ஆள் எழுதியிருக்கிறார்" என்று குசினிக்கே கொண்டுவந்து தந்தாள். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. இனித் தானே கோயிலுக்குப் போய் வருவா. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு இந்த ஆடியோடு படிப்பு முடிகிறது. அண்ணா எங்களை விட்டுப் போய், வருகிற பங்குனியோடு இரண்டு வருடம்.

நாலு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கத்தை நீ டெல் போய்க்கே ஒதுக்கியிருந்தாய். "1996 நத்தாரோட நிறுத்தியிருக்க வேணும். பிறகு வந்த மூன்றையும் நான் கணக்கிலயே எடுக்கிறதில்லை" என்று எழுதியிருந்தாய். லண்டன் பெக்கமில் வசிக்கிற டெல், ரொட்னி என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அந்த பிபிசி பகிடி நாடகம், 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' என்று பேச்செடுத்தால் இங்கேயும் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். என் வேலையிடத்தில் பெக்கமிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் உன் கட்சிதான். இருபது வருடமாக நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் இந்த நத்தார் விடுமுறையில் அந்தக் கடைசி மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். உனக்கு இதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த இரவைச் சொல்கிறேன். 1996 மார்கழி 29, ஞாயிற்றுக்கிழமை. கட்ஃபோர்டில் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை. நீ கட்டிலில், நான் நிலத்தில். அண்ணா பெற்றோல் ஷெட்டில் இரவு வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு, ஒரு கால் சப்பாத்தைப் போட்டபடி அப்படியே நின்று பார்த்தார். அன்றைய கதையில், மனைவி கசண்ட்ராவின் கரு கலைந்த துக்கத்தை ரொட்னி யாரோடும் கதைக்கமாட்டான். டெல் அவனை லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போவான், லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். போக வழியில்லாமல் நிற்கும்போதுதான் ரொட்னி வாயைத் திறப்பான். எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு டெல் லிஃப்டைத் திரும்ப ஓடவைப்பான். நிறுத்தியதே அவன்தான். அந்த இடத்தில் அண்ணா மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் வீட்டில் அப்பா போன பிறகு என்னைப் படிப்பித்ததும், காசு கட்டி இங்கே எடுத்ததும் அவர்தான். உனக்குத் தெரியாததில்லை.

பிறகு அந்த மணிக்கூடு. டெல்லின் துணைவி ராக்குவெலின் தகப்பன் பழைய சாமான் வியாபாரி. கராஜில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த பொக்கெற் மணிக்கூட்டை அவர்தான் இனங்கண்டு பிடிப்பார். கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்கிட வழிசெய்த பதினெட்டாம் நூற்றாண்டு மணிக்கூட்டுக்காரர் ஜோன் ஹரிசன் செய்தது அது. சொதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகும். காசு வந்த பிறகு அண்ணனும் தம்பியும் அந்த மூன்று சில்லு மஞ்சள் வானுக்குள் பேச்சு மூச்சில்லாமல் இருப்பார்கள். கமரா வெளியே நிற்கும். பிறகு வான் குலுங்கத் தொடங்கும். அந்தக் குலுக்கத்தில்தான் 15 வருடச் சந்தோசமும் இருக்கும். பிரித்தானியாவில் அந்த இரவு அதைப் பார்த்தவர்கள் 2 கோடி 43 லட்சம் பேர். அவர்களில் மூன்று பேர் நாங்கள்.

இப்படி ஒரு முடிவுக்குப் பிறகு 2001இல் திரும்பி வந்ததைத்தான் நீ மன்னிக்கிறாயில்லை. சரி, உன் பக்கத்து நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். மத்திய அமெரிக்கச் சந்தை விழுந்ததாம், முழுக்காசும் போனதாம், எல்லோரும் பழையபடி நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற அந்த மாடிக் கட்டடத்திலாம். 15 வருடம் கட்டி எழுப்பிய சந்தோசத்தை நாலு வசனத்தில் தூக்கி எறிவது பெரிய குறைதான். காசு எப்படிப் போகிறது என்பதையே ஒரு முழுக் கதையாகச் செய்திருக்கலாம். டெல்லிடம் காசு நிற்காது என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அது கையை விட்டு நழுவுவதை எங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அவர்களோடு வீட்டில் இருந்த அல்பேர்ட் மாமாவும் இல்லை. அவராக நடித்த பஸ்ரர் மெரிஃபீல்ட் 1999இல் இறந்துபோனார். குடிக்கடை மைக்காக நடித்த கெனத் மக்டொனால்ட் 2001இல் போனார். மைக்கைச் சிறையில் இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார்கள். அந்தச் செத்தவீட்டுக் காட்சிதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. அல்பேர்ட் மாமாவின் செத்தவீடு என்று நினைத்து, வேறொரு அல்பேர்ட்டின் செத்தவீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் கவலைப்பட இடமே கிடைக்கவில்லை. 1985ஐ நினைத்துப் பார். தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 மார்கழியில் உண்மையிலேயே இறந்தார். நாடகத்தை எழுதிய ஜோன் சல்லிவன் அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். தாத்தாவின் தொப்பி என்று நினைத்து டெல் குழிக்குள் போட்டது பாதிரியாரின் தொப்பி. அதுவும் பகிடிதான். ஆனால் அதற்கு முன்னால் குழிக்கரையில் இருவரும் நிற்கிற அந்த மௌனம் இருக்கிறது. அதற்குப் பிறகு, எப்படித்தான் உன்னால் சிரிக்க முடிகிறது என்று ரொட்னி கோபப்பட, தான் அதிலிருந்து மீளத் தொடங்கவே இல்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்கிற மாதிரி டெல் சொல்கிற இடம் இருக்கிறது. துக்கம், பகிடி, திரும்பவும் துக்கம். 2001இல் நடுவில் உள்ளது மட்டும்தான் இருந்தது. அடுத்த வருடம் அல்பேர்ட்டின் நினைவாக நோர்மண்டிக்குப் போகிற கதையில் கொஞ்சம் ஈடுசெய்தார்கள். முழுக்க இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய முகங்கள் எல்லாம் தங்கள் குணத்தையே கொஞ்சம் உரத்துச் சொல்வது போல இருந்தது. டெல்லின் சினேகிதன் ட்ரிகர் முந்தி அறியாமல் சொன்னதை இப்போது எங்களைச் சிரிக்கவைக்கவே சொல்வது போல. 1989இல் டெல் பாரில் விழுகிற காட்சியை ஞாபகம் வைத்திருப்பாய். வைன் பாரில் ட்ரிகரோடு நிற்கிறான். பாரில் வேலை செய்கிறவன் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறான். டெல் அதைக் காணவில்லை, ஒயிலாகச் சாய்கிறான், சாய்ந்தபடியே பக்கவாட்டில் மறைகிறான். டெல்லாக நடித்த டேவிட் ஜேசன் கையை நீட்டவில்லை, முழங்காலை மடக்கவில்லை, விழப்போகிற பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. மரம் சரிகிற மாதிரி. ட்ரிகர் திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. ரோஜர் லொயிட் பக்கின் அந்த முகத்தில் ஒரு துளி நடிப்புத் தெரியாது. அந்த அமைதி கடைசி மூன்றில் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார், மச்சான். அதே 1989இல்தான் அரை மணித்தியாலமாக இருந்த நாடகத்தை 50 நிமிடமாக்கினார்கள். ராக்குவெல், கசண்ட்ரா எல்லோரும் வந்து வீடு நிறைந்தது. அப்போதும் கேற்றரிங் கொலிஜில் எங்களோடு படித்தவர்கள் சிலர், மூன்று ஆம்பிளைகளும் ஒரு ஃப்ளாட்டும்தான் உண்மையான நாடகம், மற்றதெல்லாம் இழுவை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நீதான் அவர்களோடு விடிய விடியச் சண்டை பிடித்தாய். ரொட்னியின் கலியாணம் முடிந்து எல்லோரும் போன பிறகு மண்டபத்தில் டெல் தனியே நிற்கிற காட்சியைச் சொல்லி, அரை மணித்தியாலத்துக்குள் இதற்கு இடம் எங்கே என்று கேட்டாய். சல்லிவன் வயதாக வயதாக அவரின் ஆட்களும் வயதாகத்தானே வேண்டும் என்றாய். பலமில் குழாய் பொருத்துகிறவரின் மகனாகப் பிறந்து, பிபிசியில் காட்சிச் சாமான் தூக்கி, பிறகு எழுத வந்த மனிசன். அவர் தன் ஆட்களைக் கைவிடமாட்டார் என்றாய். உன்னுடைய அதே நியாயத்தைத்தான் நான் இன்றைக்கு 2003க்குச் சொல்கிறேன்.

கடைசிக் கதை, 2003 நத்தார். 1960இல் எடுத்த ஒரு கூட்டப் படம் ரொட்னியின் கைக்கு வருகிறது. அதில் நிற்கிற ஒருவனின் முகம் அப்படியே இவனுடைய முகம். ஃபிரெடி ரொப்டல், ஊரில் 'தவளை' என்று பட்டம். கள்ளன். இந்தப் பெயர் திடீரென்று வந்ததில்லை. 1987 நத்தார்க் கதையிலேயே அந்தத் தவளை விட்டுப்போன தங்கத்தைத் தேடித்தான் அலைந்தார்கள். தனக்கும் அவனுக்கும் என்ன தொடர்போ என்று ரொட்னிக்கு அன்றைக்கே உள்ளுக்குள் ஒரு முள் குத்தியது. அதற்கும் முன்னால் 1983இல், ஓடிப்போன தகப்பன் ரெஜ் திரும்பி வந்து, ரத்தப் பரிசோதனைத் தாளை மாற்றி, யார் யாருடைய பிள்ளை என்று அண்ணன் தம்பிக்குள் குழப்பத்தை விதைத்தான். இருபது வருடமாகச் சல்லிவன் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 1996இல் நிறுத்தியிருந்தால் மணிக்கூட்டுக்கு விடை கிடைத்திருக்கும். இதற்குக் கிடைத்திராது.

ரொட்னி டெல்லிடம் போய்க் கேட்கிறான், தான் அவனைப் போல இருக்கிறேனா என்று. டெல் ஃபிரெடியின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கள்ளன், பொய்யன், சினேகிதருக்குத் துரோகி, அடுத்தவன் குடும்பத்தைக் குலைத்தவன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நீ அவனைப் போல இல்லவே இல்லை என்கிறான். சிவா, அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். தம்பி அரைத் தம்பிதான் என்பது டெல்லுக்கு நெடுநாளாகவே தெரியும். தெரிந்துகொண்டே தாயில்லாத பிள்ளையை வளர்த்திருக்கிறான், ஏச்சும் பேச்சும் பொய்யுமாக. இதை அறிந்த பிறகு பழைய கதைகளில் டெல் ரொட்னியைப் பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் வேறாகத் தெரிகிறது. லிஃப்டுக்குள் அவன் நிற்கிறானே, அந்தப் பார்வையும்தான்.

அண்ணா உயிரோடு இருக்கும்போது இதை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 2003இல் என் வீட்டில் போட்டபோது அவர் கடைசி வரை இருந்து பார்த்தார். நான் நடுவில் எழும்பி, முந்தின மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். "இரடா, முடிவைப் பார்" என்றார். நான் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன். ரொட்னி, புதிதாகப் பிறந்த மகளைத் தூக்கிக்கொண்டு தன் தாயின் கல்லறைக்குப் போகிறான். பிள்ளைக்குத் தன் தாயின் பெயரையே, ஜோன் என்று, வைத்திருக்கிறான்.

முதல் இரண்டையும் விடு, அதில் நீ சொல்வதோடு நான் பெரிதாகச் சண்டை பிடிக்கமாட்டேன். மூன்றாவதை மட்டும் ஒருமுறை பார். முழுக்கப் பார்க்க மனமில்லாவிட்டால் அந்தப் படம் ரொட்னியின் கைக்கு வருகிற இடத்திலிருந்து பார். டிவிடி அண்ணாவின் அலுமாரியில் இருந்தது. இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், உறை உடைந்திருக்கிறது, தட்டில் கீறல் இல்லை. அங்கத்தைய மெஷினில் ஓடுமோ தெரியாது. உன் மகனிடம் கேட்டுப் பார்.

ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் பெக்கம் முழுக்க அந்த மாடிக் கட்டடத்தைத் தேடி நடந்தோமே, நினைவிருக்கிறதா? முந்தி அக்டனிலும், பிறகு பிரிஸ்டலிலும்தான் படம் எடுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நீ ஆனியில் வந்தால் பிரிஸ்டலுக்குப் போவோம். ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. மாலா உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தருவாளாம், வருகிற கிழமையை மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொன்னாள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
ரவி