மனை விற்பவர்களே, கலங்கல் எங்கே என்று அச்சிடுங்கள்

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், ஆதனூர் வட்டாரத்தில் மனை போட்டு விற்கும் அனைவருக்கும்,

வணக்கம். மின்சார ரயில் நிலைய வாசலில் நீங்கள் கையில் திணிக்கும் துண்டுச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவன் நான். 'தாம்பரத்துக்கு மிக அருகில்' என்று மதுராந்தகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனீர்கள். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறந்ததும் அது 'கிளாம்பாக்கத்துக்கு மிக அருகில்' ஆனது. போகட்டும். தூரத்தைக் குறைத்துச் சொன்னால் வாங்கியவன் அரை மணி முன்னதாக எழுந்து ரயிலைப் பிடித்துக்கொள்வான். தண்ணீரை மறைத்தால் எங்கே போவான்?

இது ஏரிகளின் வட்டாரம். நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் ஏரிகள் நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் என்னும் வடிகால் வாய் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி அடையாற்றில் சேரும். கோடையில் பார்த்தால் அந்தக் கால்வாய் வேலிக்காத்தான் மண்டிய வெறும் பள்ளம். நீங்கள் வேன் வைத்து மனை காட்டுவதும் கோடையில்தான். கிராவல் கொட்டி மேடாக்கி, எல்லைக் கற்களுக்கு மஞ்சள் அடித்து, வண்ணக் கொடிகள் நட்டு, வந்தவர்களுக்கு மோர் கொடுக்கிறீர்கள். மோரில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களில் பலர் முறையாகப் பத்திரம் பதிந்து, வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள்தான். தண்ணீர் வரும் வழி வில்லங்கச் சான்றிதழில் ஏறுவதில்லை.

'எங்களுடையது அங்கீகாரம் பெற்ற மனை' என்பீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள், நல்லதுதான். ஆனால் ஐப்பசி மாதத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

அடுத்த சீட்டில் பள்ளிக்கு இத்தனை நிமிடம், ஐ.டி. பூங்காவுக்கு இத்தனை நிமிடம் என்பதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: பக்கத்து ஏரியின் கலங்கல் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 2015-இல் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது. இரண்டாவதற்கு அலைய வேண்டாம். ஊரில் பழைய ஆள் யாரைக் கேட்டாலும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்.

அடைமழை நாளில் வேன் வைத்து மனை காட்டும் முதல் ஆள் யாரோ, அவரிடம் என் தம்பியை அனுப்புகிறேன். முன்பணம் தயாராக வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
கூடுவாஞ்சேரி ரயில் பயணி ஒருவன்