எங்கள் கேள்வித்தாளைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

மாசியில் வந்து வைகாசி வரைக்கும், கையில் டேப்லெட்டும் தோளில் துணிப்பையுமாக உங்கள் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. ரேஷன் கார்டு சரிபார்க்க வந்திருக்கிறோம் என்று சிலர் நினைத்தீர்கள். குழுக்கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நாங்கள் வந்தது வேறு வேலைக்கு. நாடு முழுவதும் வீடு வீடாகப் போய், யாருக்கெல்லாம் மனநோய் இருக்கிறது, உதவிக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்கப்போகும் ஓர் ஆய்வுக்குத் தமிழில் கேள்வித்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. அது மக்கள் வாயில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. முன்சோதனை என்போம். பந்திக்கு முன்னால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்பு பார்ப்பது மாதிரி. அது போன வாரம் முடிந்தது.

பெயர் எதுவும் இந்த மடலில் வராது. "உங்கள் பெயர் எங்கும் வெளிவராது" என்று நாங்களே படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். ஆட்டோ அண்ணன் மட்டும், "என் பேரைப் போடும்மா, வண்டி நம்பரோட போடு" என்றார். மன்னிக்கணும் அண்ணா, உங்களுக்கும் அதே விதிதான்.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காமாரிலிருந்து தொடங்குகிறேன். முதல் அடி அங்கேதான் விழுந்தது. மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும். பேசினாலும் சிரித்தாலும் விரல் நிற்காது. நான் டேப்லெட்டைப் பார்த்து வாசித்தேன்: "கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நேரம் நீங்கள் சோகமாக உணர்ந்தீர்களா?" ஒரு அக்கா நிமிராமலே, "சோகமெல்லாம் சினிமாவுல வரும். எங்களுக்கு மனசு பாரமா இருக்கும், அவ்வளவுதான்" என்றார். அடுத்த கேள்வியில் "இன்பம் அனுபவிக்கும் ஆர்வம்" என்று ஒரு சொற்றொடர். அதைப் படித்து முடிப்பதற்குள் மொத்தத் திண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தது. சென்னையில் குளிர்சாதன அறையில் ஆறு பேர் உட்கார்ந்து சரிபார்த்த தமிழ் அது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து, மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று டிக் அடித்திருந்தோம். ஒத்துத்தான் போனது, கேட்டவர்கள் சிரித்ததைத் தவிர. இப்போது அந்தக் கேள்வி, "முன்னாடி ஆசையா செஞ்ச எதுலயும் மனசு ஒட்டாம போச்சா?" என்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தது அந்தத் திண்ணை.

அதே திண்ணையில், சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்ற கேள்வி வந்தபோது ஒருவருடைய விரல்கள் மட்டும் நின்றன. நூல் பாதி சுற்றியபடி இருந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் அங்கே அதைக் கேட்டிருக்கவே கூடாது. தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டிய பகுதி அது என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கூட்டம் கலகலப்பாக இருக்கிறதே என்று மறந்துவிட்டேன். அவரோடு எழுந்து போய் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினேன். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு நான் அழைத்தபோது எடுத்த மனநல மருத்துவரே, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லாததற்கு நன்றி. மறுநாள் காலையிலேயே அந்த அக்காவிடம் பேசினீர்கள். வாரம் ஒருமுறை இன்னும் பேசுகிறீர்கள். இப்படி ஒரு பதில் வந்தால் களப்பணியாளர் யாரை, எத்தனை மணிக்குள் கூப்பிட வேண்டும் என்பது கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் நீங்கள்தான். 14416 என்ற, அரசின் இலவச மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணைச் சின்ன அட்டையில் அச்சடித்து, பேசிய எல்லோரிடமும் கொடுக்கச் சொன்னீர்கள். "தேவைப்படுறவங்களுக்கு மட்டும் கொடுத்தா, அட்டையைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்றீர்கள். எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

காட்பாடிக் கல்லூரித் தம்பி ஒருவனுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மூன்றாவது பகுதியைத் தாண்டுவதற்குள் அவன் எங்கள் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு கதவுக் கேள்வி இருக்கும். "ஆமாம்" என்றால் உள்ளே இருபது கேள்வி, "இல்லை" என்றால் தாண்டிப் போய்விடலாம். "அக்கா, இல்லைன்னு சொன்னா சீக்கிரம் முடிஞ்சிடுது, இல்லையா?" என்று கேட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அவனுக்குக் கிரிக்கெட் நேரம். இது புதிய வியாதி இல்லை. அமெரிக்காவில் 1990–92-ல் நாடு தழுவிய மனநோய்க் கணக்கெடுப்பு எடுத்தவர்களும் இதைக் கவனித்து, கதவுக் கேள்விகளை எல்லாம் பிரித்தெடுத்து முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அறை என்று தெரிவதற்கு முன்பே எல்லாக் கதவையும் தட்டிவிடுவது. படித்திருந்தும் எங்கள் டேப்லெட்டில் பழைய வரிசையே இருந்தது. தம்பி, உன்னால் அது மாறிவிட்டது.

சரி, ஒடுகத்தூர் பக்கம் வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதுதான் எந்தக் கணக்கெடுப்புக்கும் அஸ்திவாரம். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், இது சென்சஸ் காலத்திலிருந்தே வழக்கம். அவர்களில் பதினெட்டு வயது தாண்டியவர்களைப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் வராத ஆளுக்கு எங்கள் ஆய்வில் நோயும் கிடையாது, சிகிச்சையும் கிடையாது. அந்த வீட்டில் நான்கு பேர் சொன்னார்கள். அப்பா, அம்மா, மகள், மருமகன். எழுதிக்கொண்டேன். எங்களோடு துணைக்கு வந்த மகளிர் குழு அக்கா சும்மா பேச்சுக் கொடுப்பது போல, "ராத்திரிக்கு எத்தனை பேருக்கு சோறு வடிப்பீங்க, ஆயா?" என்றார். அந்த வயதான அம்மா யோசிக்காமல், "அஞ்சு பேருக்கு" என்றது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் எனக்கு நேர் எதிரே இருந்தன. நான்கு எவர்சில்வர், ஒன்று அலுமினியம், விளிம்பு நசுங்கியது. அப்புறம் ஆயாதான் சொன்னது: "பின்னாடி பெரியவன் இருக்கான். அவன் கணக்குல வரமாட்டான்மா."

கணக்கில் வராத அந்த அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கலாம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டிய அறையில் இருக்கிறார். பூட்டு இல்லை, சங்கிலி இல்லை. வெளியே வருவதில்லை, அவ்வளவுதான். "சிகிச்சை எடுக்கிறாரா?" என்று எங்கள் தாளில் இருந்தபடி கேட்டேன். "இல்லை" என்றார் அப்பா. நான் பெட்டியைத் தொட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். கூட வந்திருந்த நர்சம்மா விடவில்லை. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "முதல்ல எங்கே போனீங்க, நைனா?" என்றார். மேல்மலையனூருக்கு, அமாவாசைக்கு அமாவாசை. அப்புறம்? தாயத்து கட்டுகிறவர் ஒருவர். அப்புறம் டவுனில் ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஊசி. அப்புறம் பாகாயம் மனநல ஆஸ்பத்திரி, இரண்டு தடவை. மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார், ஏர் ஓட்டினார். ஏன் நிறுத்தினீர்கள்? அழைத்துப்போக ஆள் இல்லை. போனால் ஒரு நாள் கூலி போகிறது, அதுவும் இரண்டு பேருக்கு. மருமகன் வீட்டுக்கு வந்த பிறகு, "ஊருக்குத் தெரிய வேணாம்" என்றாகிவிட்டது.

பன்னிரண்டு வருடக் கதை. எங்கள் தாளில் அது "இல்லை" என்ற ஒற்றைப் பெட்டி.

2015–16-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 34,802 பெரியவர்களிடம் பேசியது. அவர்களில் 10.6% பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. தேவை இருந்தும் சிகிச்சையில் இல்லாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92% வரை. குடும்பங்கள் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்குமே செலவழித்தன என்றும் அதில் உண்டு. இந்தச் சதவீதங்களை நான் பயிற்சி வகுப்பில் எத்தனையோ முறை போர்டில் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் போகாதவரும், போய்க் குணம் தெரிந்து, கூலி போகிறதே என்று நின்றுவிட்டவரும் ஒரே சதவீதத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தக் கொட்டகை வாசலில்தான் உறைத்தது. முன்னவருக்குத் தகவல் வேண்டும். பின்னவருக்குப் பக்கத்திலேயே மாத்திரை வேண்டும், முடிந்தால் பஸ் காசும். எது எத்தனை பேருக்கு என்று தெரியாமல் யார் என்ன திட்டம் போட முடியும்?

நர்சம்மா, நீங்கள் கேட்ட வரிசை இப்போது கேள்வித்தாளில் ஒரு முழுப் பக்கம். முதலில் எங்கே, அப்புறம் எங்கே, யார் சொல்லிப் போனீர்கள், ஏன் நிறுத்தினீர்கள். கோவில், தர்கா, மந்திரிப்பவர், மருந்துக்கடை, ஊசி போடும் டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே மரியாதையோடு அதில் இருக்கின்றன. கோவிலைக் கடைசியில் தள்ளினால் மக்கள் அதைச் சொல்லமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னபடி முதலிலேயே வைத்திருக்கிறோம். மகளிர் குழு அக்காவின் சோற்றுக் கேள்வியும் ஆள் பட்டியலுக்கு அடியில் நிரந்தரமாக ஏறிவிட்டது. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த அக்காவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. மருமகளிடம் பேச வேண்டும் என்றால் மாமியார் நகரமாட்டார். ஒரே அறை வீட்டில் எங்கே நகர்வது? அக்கா மாமியாரை வாசலுக்கு அழைத்துப்போய், கூரை ஓடா ஷீட்டா, கேஸா விறகா என்ற வீட்டுக் கேள்விகளை அரைமணி நேரம் இழுத்து இழுத்துக் கேட்பார். முள் கத்திரிக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பது வரை போகும். இப்போது எல்லாக் குழுவிலும் இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும் என்று எழுதிவிட்டோம்.

ஆட்டோ அண்ணனுக்கு வருகிறேன். ஆய்வுக்குக் குலுக்கல் முறையில் தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் நுழையக் கூடாது, மூன்று தடவை திரும்பி வர வேண்டும். முதலில் அவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "இந்த வீட்டுல ஆள் இருக்காங்களே, அவங்களைக் கேளேன்!" என்பார். ஆம்பூரில்தான் அவருக்குப் புரிந்தது. எங்களுக்கும். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடிகாலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் ஆம்பூரில் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் மட்டுமே வாழ்கிறார்கள் என்றாகிவிடும். அப்புறம் அவரே ராத்திரி எட்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எங்களை ஓட்டிக்கொண்டு போனார். காத்திருப்புக்குக் காசு வாங்கவில்லை.

உருதுக் கேள்வித்தாளைப் படித்துப் பார்த்து, "இது லக்னோ உருது, எங்க வீட்டுல பேசுறது இது இல்லை" என்று வாணியம்பாடி டீச்சரம்மா நான்கே நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில்' என்பது யாருக்கும் பிடிபடவில்லை என்றபோது, "போன கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்கச் சொன்ன டீக்கடைப் பெரியவருக்கும், முஸ்லிம் வீடுகளில் அதையே ரம்ஜானை வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்த அவருடைய நண்பருக்கும் நன்றி. அம்மன் குரல் தனக்குக் கேட்கும் என்று சொன்ன கணியம்பாடிப் பாட்டிக்கும். "மற்றவருக்குக் கேட்காத குரல் கேட்டதுண்டா" என்ற கேள்விக்கு அவர் ஆமாம் என்றதும் எங்கள் டேப்லெட் அவரை நோயாளியாக்கப் பார்த்தது. "அதைக் கேட்டா உங்களுக்குப் பயமா இருக்குமா, நிம்மதியா இருக்குமா? வீட்டுல இருக்கறவங்க அதைப் பத்தி என்ன சொல்றாங்க?" என்று இப்போது கூடவே கேட்கிறோம். பாட்டிக்கு நிம்மதி. வீட்டில் எல்லோரும் விசேஷ நாள் பார்ப்பதே அவரைக் கேட்டுத்தான்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கொடுக்காத வீடு ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். கதவைச் சாத்தியவர்கள்கூட, சாத்துவதற்கு முன்னால் கொடுத்தார்கள்.

ஒடுகத்தூர் அண்ணனைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வரும் நாளில் அழைத்துப்போக நர்சம்மா ஏற்பாடு செய்திருக்கிறார். ஆட்டோ பேசியாகிவிட்டது. யார் ஆட்டோ என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயா, அன்று நீங்கள் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்த தூக்கு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதே ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். மூடி கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது, திருகித் திறக்க வேண்டும்.